ஆர்மேனியச் சிறார்களின் ஒரு நாள் உலா

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் உலா என்பது ஓர் இலக்கிய வகை. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு நிற்பர். உலா வருபவன் ஒருவன், காண்பவர் பலர். இன்று அச்சொல் சுற்றுலாவாக விரிந்துள்ளது. காணப்படும் பொருள் நின்ற இடத்திலேயே நிற்க, காண்பவரே நடந்து செல்கின்றனர். பள்ளிச் சிறார் மேற்கொள்ளும் உலாவில் இன்னும் ஒரு மாற்றம் நிகழ்ந்தாக வேண்டும். கண்டவர் கண்டதோடு திரும்பாமல், கண்ட பொருளுக்கு உரியவராகித் திரும்ப வேண்டும். முன்னோர் தேட்டத்தை ஒரு குழந்தையின் கண்முன் நிறுத்துவது எளிது. அது தன்னுடையது என்று அக்குழந்தையை உணரச் செய்வது அரிது. அந்த அரிய செயல் எவ்வாறு நிகழக்கூடும் என்பதே இவ்வுரையின் வினா.

இவ்வினாவுக்கு விடை தேட ஆர்மேனியா தக்க நிலம். ஏறத்தாழ 30 இலட்சம் மக்களும், 30,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த பரப்பும் கொண்ட சிறு நாடு அது. கி.பி. 387இல் உரோமப் பேரரசும் பாரசீகப் பேரரசும் அந்நாட்டைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டன. 428இல் எஞ்சியிருந்த அரச மரபும் முடிவுற்றது. பின்னர்ப் பாக்ரதுனி அரசும் சிலிசிய அரசும் எழுந்து மறைந்தன. பாரசீகர், அரேபியர், துருக்கியர், உருசியர் என ஆண்டவர் மாறினர். 1918இல் மலர்ந்த குடியரசு 1920இல் சோவியத்து ஆட்சிக்குள் அடங்கியது. 1991இல் மீண்டும் விடுதலை பெற்றது. சொந்த அரசு இருந்த காலத்தினும் இல்லாத காலமே அம்மக்களுக்கு மிகுதி. அக்காலமெல்லாம் அவர்களை ஒரு மக்களாகக் கட்டி வைத்தவை இரண்டு: ஒன்று அவர்தம் திருச்சபை, மற்றொன்று அவர்தம் எழுத்து.

தலைநகரான எரெவானிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் மரபுச் சின்னங்கள் பல உள்ளன. பள்ளிகள் மாணவரை அழைத்துச் செல்வதும் அவ்விடங்களுக்கே. அவற்றுள் எழுத்தோடு தொடர்புடைய ஐந்தினை ஒரு சரமாகக் கோத்தால் அமையும் உலா இது.

எழுத்துகள் நிற்கும் மேடு

காலையில் எரெவானை விட்டுப் பேருந்து புறப்படுகையில் தெற்கே அராரத் மலை தெரியும். 5,137 மீட்டர் உயர்ந்த பனிமுடி. ஆர்மேனியக் குடியரசின் சின்னத்தில் அம்மலை உண்டு. ஆர்மேனியப் பாடல்களிலும் ஓவியங்களிலும் அம்மலை உண்டு. ஆயினும் மலை நிற்பது துருக்கி நாட்டு எல்லைக்குள். 1993 முதல் அவ்வெல்லை அடைபட்டுக் கிடக்கிறது. நாள்தோறும் காணலாம், நடந்து சென்று தொட இயலாது. மரபு என்னும் சொல்லின் முதற்பாடத்தை அச்சிறார் பேருந்தின் சன்னலிலேயே கற்கத் தொடங்கிவிடுகின்றனர்.

வடமேற்கே அஷ்தாரக் நகரைக் கடந்து, அரகாத்ஸ் மலையின் கிழக்குச் சரிவில் அர்த்தஷவான் என்னும் சிற்றூர். அதன் அருகே, மரங்கள் அருகிய மேட்டில், 39 எழுத்துகள் கல்லில் ஆளுயரம் நிற்கின்றன. எழுத்து பிறந்து 1,600 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு 2005இல் கட்டடக் கலைஞர் ஜிம் தொரோசியான் அமைத்த நினைவிடம் அது. பேருந்து நின்றதும் பிள்ளைகள் ஓடுகின்றனர். ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரின் முதலெழுத்தைத் தேடிச் சென்று அதன்மேல் சாய்ந்து நிற்கிறது. ஆசிரியர் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அங்குச் செல்லும் குழந்தை எதுவாயினும் முதலில் செய்வது அதுவே.

விளையாட்டுப் போலத் தோன்றும் இச்செயலில் ஒரு பொருள் உண்டு. கோயிலையோ கோட்டையையோ காணும் குழந்தை, அது யாரோ ஓர் அரசனுடையது என்று கருதக்கூடும். எழுத்தை அவ்வாறு கருத இயலாது. அது தன் பெயரில் இருக்கிறது. தன் ஏட்டில் இருக்கிறது. நேற்று மாலை வீட்டுப் பாடத்தில் தான் பிழையாக எழுதியதும் அதையே.

இந்த எழுத்துகளை வகுத்தவர் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ். அரசவையில் எழுத்துப் பணி செய்து, பின் துறவு பூண்டவர். திருமறை கிரேக்கத்திலும் சிரியத்திலும் ஓதப்பட, மக்கள் பொருள் அறியாது நிற்பதைக் கண்டு வருந்தினார். தானியேல் என்னும் சிரியக் குருவிடம் சில எழுத்துகள் உள்ளன என அறிந்து, அவற்றை வரவழைத்துச் சிறுவர்க்குக் கற்பித்துப் பார்த்தனர். ஆர்மேனிய மொழியின் ஒலிகளுக்கு அவை போதவில்லை. பிறர் அளந்து தைத்த உடை பொருந்தாமற் போகவே, தம் மொழிக்குத் தாமே அளவெடுக்கத் துணிந்தார் மாஷ்தோத்ஸ். அரசன் விராம்ஷபூவும் தலைமைக் குரு சகாக்கும் துணை நின்றனர். கி.பி. 405இல் 36 எழுத்துகள் உருப்பெற்றன. இடைக்காலத்தில் இரண்டும், இருபதாம் நூற்றாண்டில் ஒரு கூட்டெழுத்தும் சேர்ந்து இன்று 39 ஆயின.

அந்த 36 எழுத்துகள் எண்களாகவும் பயன்பட்டன. வரிசைக்கு ஒன்பதாக நான்கு வரிசை: ஒன்றுகள், பத்துகள், நூறுகள், ஆயிரங்கள். க, உ, ங என எண்ணெழுதிய தமிழர்க்கு இது வியப்பளிக்காது. எழுத்து பிறந்த ஆண்டான 405ஐ எழுத்துகளாலேயே எழுதுக என்று ஆசிரியர் ஒரு கணக்குக் கொடுத்தால், 'நூ' என்னும் எழுத்தையும் 'யெச்' என்னும் எழுத்தையும் அடுத்தடுத்து எழுதினால் போதும். அவ்விரு கற்களையும் தேடி மேட்டின்மேல் ஓடும் குழந்தைக்கு வரலாறும் கணக்கும் மொழியும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடுகின்றன.

ஓர் ஆசிரியரின் கல்லறை

அடுத்த இடம் ஓஷாகான். 440இல் மறைந்த மாஷ்தோத்ஸின் உடல் அடக்கம் செய்யப்பட்ட ஊர். வாகன் அமத்தூனி என்னும் பெருமகன் 443இல் கல்லறைமேல் ஆலயம் எழுப்பினான். இன்று காணப்படும் கட்டடம் 19ஆம் நூற்றாண்டினது. பலிபீடத்தின் கீழே படியிறங்கிச் சென்றால் கல்லறை. வெளியே முற்றத்தில், எழுத்து வடிவில் செதுக்கிய சிலுவைக்கற்கள்.

உலகெங்கும் மாணவர்கள் அழைத்துச் செல்லப்படும் கல்லறைகள் பெரும்பாலும் அரசருடையவை, போர்த்தலைவருடையவை. இங்கே படியிறங்கும் சிறார் காண்பது ஓர் ஆசிரியரின் கல்லறையை. ஆர்மேனியப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகள் அரிச்சுவடியைக் கற்று முடித்ததும் அதற்கென விழா எடுப்பது வழக்கம். 'அய்ப்', 'பென்' என்னும் முதலிரண்டு எழுத்துகளின் பெயரால் அச்சுவடி வழங்கும். படிக்கக் கற்றுக்கொண்ட குழந்தைகளை ஓஷாகானுக்கு அழைத்து வரும் பள்ளிகள் பல. எழுதக் கற்றவர், எழுத்துத் தந்தவரின் முன்னே வந்து நிற்கின்றனர். நன்றி என்பதற்கு இதனினும் தெளிவான வடிவம் வேண்டுமா?

இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எழுத்துப் பிறந்தது 405இல். அரசு வீழ்ந்தது 428இல். இடையே 23 ஆண்டுகள்தாம். அந்தக் குறுகிய காலத்துள் மாஷ்தோத்ஸும் சகாக்கும் பள்ளிகள் நிறுவினர். மாணவரை எடெஸ்ஸாவுக்கும் கான்ஸ்டான்டினோப்பிளுக்கும் அனுப்பி நூல்களைக் கொணர்ந்து மொழிபெயர்க்கச் செய்தனர். முதலில் மொழிபெயர்க்கப்பட்ட தொடர் விவிலியத்தின் நீதிமொழிகள் நூலின் தொடக்கம். மாணவருள் ஒருவரான கோரியுன், ஆசிரியரின் வாழ்க்கையை அவர் தந்த எழுத்திலேயே எழுதி வைத்தார். அரியணை சரிந்தபோது அம்மக்களின் கையில் ஏடு இருந்தது. எழுத்து ஒரு தலைமுறை தாழ்ந்து வந்திருந்தால் அம்மக்களின் கதை வேறாக முடிந்திருக்கக்கூடும்.

ஆர்மேனியத் திருச்சபை மொழிபெயர்ப்பாளர்களைப் புனிதர்களாகப் போற்றுகிறது. ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் அவர்களுக்கெனத் திருநாள் உண்டு. மொழிபெயர்ப்பாளனின் பெயரை நூலின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடும் உலகில், அவனுக்குத் திருநாள் எடுக்கும் ஒரு மக்களும் இருக்கின்றனர் என்பதைக் கவிஞர் பெருமக்கள் அறிந்து மகிழலாம்.

கல்லில் பூத்த சிலுவை

நண்பகலில் குழு எச்மியாட்சினை அடைகிறது. வாகர்ஷபாத் என்னும் பழந்தலைநகரில் உள்ள தலைமைப் பேராலயம். 301ஆம் ஆண்டில் ஆர்மேனிய அரசு கிறித்துவத்தை ஏற்றது என்பது மரபு வழிச் செய்தி. அதனையொட்டி எழுந்த இப்பேராலயம் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டெடுத்துக் கட்டப்பட்டது. ஆண்டுகள் பல நீடித்த புனரமைப்புக்குப் பின் 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. அண்மையில் 618இல் எழுந்த ஹிரிப்சிமே ஆலயம் உண்டு. எச்மியாட்சின் ஆலயங்களும் அடுத்துக் காணவிருக்கும் ஸ்வார்த்நொத்ஸும் 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றன.

கட்டடத்தின் சிறப்பைக் கூறும் ஆசிரியர்கள் பலர். பிள்ளைகளின் கண் செல்வதோ வளாகத்தில் நிற்கும் 'ஹச்கார்' எனும் சிலுவைக்கற்களின் மீது. நடுவே சிலுவை, அதன் அடியிலிருந்து இருபுறமும் இலையும் கொடியும் கிளைக்கும், சுற்றிலும் சரிகைபோல் பின்னல் வேலை. ஒன்றைப் போல் மற்றொன்று இராது. ஹச்கார் செதுக்கும் கலையை 2010இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

அங்குள்ள கற்களுள் ஜூல்ஃபாவிலிருந்து வந்தனவும் உண்டு. அராஸ் ஆற்றங்கரையில் இருந்த பழைய ஜூல்ஃபா, வணிகர்களின் நகரம். அதன் இடுகாட்டில் சிலுவைக்கற்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. அந்நிலம் இன்று அசர்பைஜானுக்கு உரிய நக்சிவன் பகுதியில் உள்ளது. 1998 முதல் அக்கற்கள் தகர்க்கப்பட்டன. 2005 டிசம்பரில் எஞ்சியவையும் நொறுக்கப்பட்டன. அழிவுக்கு முன்பே இடம் பெயர்ந்து வந்த சில கற்கள் மட்டுமே பல்லாயிரம் கற்களுக்குச் சான்றாக நிற்கின்றன.

இவ்விடத்தில் உலாவின் தன்மை மாறுகிறது. 2023 செப்டம்பரில் நகோர்னோ கராபாக் நிலத்திலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர் சில நாள்களுக்குள் வெளியேறி ஆர்மேனியாவுக்கு வந்தனர். அவர்தம் பிள்ளைகள் இன்று ஆர்மேனியப் பள்ளிகளில் பயில்கின்றனர். தம் ஊர் ஆலயத்தையும், அதன் முற்றத்துக் கற்களையும், தாத்தாவின் கல்லறையையும் விட்டு வந்தவர்கள் அவர்கள். எரெவானில் பிறந்த குழந்தைக்கு ஜூல்ஃபாக் கல் வரலாற்றுப் பாடம். கராபாக்கிலிருந்து வந்த குழந்தைக்கு அது தன் வீட்டைப் பற்றிய செய்தி. ஒரே கல்லின் முன் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இருவர் நின்று இரு வேறு பொருள்களைக் காண்கின்றனர்.

அந்நேரத்தில் ஆசிரியர் சொல்வது என்ன? பகையை ஊட்டலாம், அது எளிய வழி. ஏதும் கூறாது அடுத்த இடத்துக்கு நடத்திச் செல்லலாம். அது அதனினும் எளிய வழி. நல்லாசிரியர் வேறொன்று செய்வார். கல்லில் பொறித்த எழுத்துகளைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்வார். யார் நினைவாக, எந்த ஆண்டில் எழுப்பியது எனச் செதுக்கியவன் பல கற்களில் எழுதி வைத்திருக்கிறான். பெயரற்ற பெருங்கூட்டத்தின் துயரமாக இருந்த ஒன்று, பெயர் கொண்ட ஒரு மனிதனின் நினைவாக மாறிவிடும். ஒரு பெயரை வாய்விட்டுப் படித்த குழந்தை அப்பெயரை எளிதில் மறப்பதில்லை.

வீழ்ந்த ஆலயமும் பேசாத எழுத்தும்

எச்மியாட்சினிலிருந்து எரெவானுக்குத் திரும்பும் வழியில் ஸ்வார்த்நொத்ஸ். கட்டுநர் என்னும் அடைமொழி பெற்ற மூன்றாம் நெர்செஸ் ஏழாம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய வட்ட வடிவப் பேராலயம். பத்தாம் நூற்றாண்டளவில் இடிந்து மண்ணுள் புதைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது அடித்தளமும் தூண்களும் வெளிப்பட்டன. சிறகு விரித்த கழுகுகளைத் தாங்கிய தூண் தலைப்புகள்; ஒரு சூரியக் கடிகாரம்; வளைந்து நிற்கும் தூண் வரிசை; அதற்கு அப்பால் அராரத்.

தொரோஸ் தொரமானியான் என்னும் கட்டடக் கலைஞர், எஞ்சிய கற்களை ஆராய்ந்து, ஆலயம் மூன்று அடுக்குடையதாக இருந்திருக்க வேண்டும் என வரைந்து காட்டினார். ஏற்காதவர் இருந்தனர். 1906இல் ஆனி நகர அகழாய்வில், ஸ்வார்த்நொத்ஸைப் பின்பற்றி ஆலயம் கட்டிய ககிக் மன்னனின் சிலை கிடைத்தது. அவன் தன் ஆலயத்தின் சிற்றுருவைக் கையில் ஏந்தியிருந்தான். தொரமானியான் கருத்துக்கு அது பெருந்துணையாயிற்று. சிதைந்த பாடலின் எஞ்சிய சீர்களைக் கொண்டு யாப்பை உணரும் புலவர்க்கு அவர் பட்ட பாடு விளங்கும்.

அவ்விடத்தில் கிடைத்த பொருள்களுள் மாணவர் பெரிதும் கவனியாது கடந்துவிடக் கூடிய கல் ஒன்று உண்டு. உரார்த்து நாட்டு மன்னன் இரண்டாம் ரூசா, கால்வாய் வெட்டி நீர் கொணர்ந்து தோட்டம் அமைத்ததைக் கூறும் ஆப்பெழுத்துக் கல்வெட்டு. கி.மு. ஏழாம் நூற்றாண்டினது. ஆர்மேனிய எழுத்துக்கு ஆயிரம் ஆண்டு முந்தியது. எழுத்து அழியாமல் இருக்கிறது. கல் உடையாமல் இருக்கிறது. அம்மொழியில் பேச மட்டும் ஒருவரும் இல்லை. கல்வி வல்லார் சிலர் முயன்று படிக்கின்றனர். எந்தத் தாயும் அம்மொழியில் தாலாட்டுப் பாடுவதில்லை.

இந்த உலாவின் உயிர்நிலை இதுவே எனலாம். ஒரே முற்றத்தில் இரு பாடங்கள் உள்ளன. ஆலயம் வீழ்ந்தது, அதைக் கட்டியவரின் மொழி வாழ்கிறது. கல்வெட்டு நிலைத்தது, அதை எழுதியவரின் மொழி மறைந்தது. கட்டடத்தைக் காத்தால் மொழி பிழைத்துவிடும் என்று நம்புவோர்க்கு ஸ்வார்த்நொத்ஸ் மறுமொழி கூறுகிறது.

அச்சம் கற்பனையானதன்று. ஆர்மேனிய மொழிக்கு இன்று கிழக்கு வழக்கு, மேற்கு வழக்கு என இரு வடிவங்கள் உண்டு. கிழக்கு வழக்கு ஆர்மேனியக் குடியரசின் மொழி. மேற்கு வழக்கு, உதுமானியப் பேரரசில் வாழ்ந்தவரின் மொழி. 1915இல் தொடங்கிய பேரழிவில் அவருள் மாண்டவர் ஏறத்தாழ 15 இலட்சம் என ஆர்மேனியர் கணக்கிடுகின்றனர். உயிர் தப்பியோர் லெபனான், சிரியா, பிரான்சு, அமெரிக்கா எனச் சிதறினர். அவர்தம் மேற்கு ஆர்மேனியத்தை அழியும் நிலையிலுள்ள மொழிகளுள் ஒன்றாக யுனெஸ்கோ தன் 2010ஆம் ஆண்டு வரைபட நூலில் குறித்தது. அதற்கும் அதே மாஷ்தோத்ஸ் எழுத்துத்தான். எழுத்து இருந்தும், இலக்கியம் இருந்தும், அடுப்படியிலும் விளையாட்டுத் திடலிலும் பேசுவோர் குறைந்தால் மொழி மெலியும்.

ஏடுகளின் இல்லம்

இறுதியில் எரெவானின் குன்றுச் சரிவில் மத்தெனதரான். ஏட்டுக்களஞ்சியம் என்பது அச்சொல்லின் பொருள். வாயிலில் மாஷ்தோத்ஸ் அமர்ந்த சிலை. எதிரே மாணவர் கோரியுன். தலைநகரின் உயர்ந்த ஓரிடத்தில் ஆசிரியரும் மாணவரும் கல்லாக நிலைத்திருக்கும் காட்சி பிள்ளைகளுக்குப் பழகிய காட்சி. சுவரை ஒட்டி நிற்கும் சிலைகளுள் ஒன்று ஏழாம் நூற்றாண்டின் அனானியா ஷிராகாத்சிக்கு உரியது. அவர் மாணவர்க்கெனக் கணக்கு வினாக்கள் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது.

உள்ளே ஏறத்தாழ 23,000 கையெழுத்து ஏடுகளும் சுவடித் துணுக்குகளும். 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்த தொகுப்பு இது. கன்றுத் தோலைப் பதப்படுத்தி எழுதியவையும் அவற்றுள் உண்டு. அராரத் சமவெளிப் புல்வேரில் வாழும் பூச்சியிலிருந்து எடுத்த செந்நிறத்தால் தீட்டியவையும் உண்டு. ஆர்மேனிய ஏடுகளில் நூலின் முடிவில் எழுதியவன் தன் குறிப்பைச் சேர்ப்பது வழக்கம். யாருக்காக எழுதினான், அவ்வாண்டில் என்ன துயர் நேர்ந்தது, கை எவ்வாறு நடுங்கிற்று என்றெல்லாம் கூறி, படிப்பவரைத் தன்னை நினைக்குமாறு வேண்டுவான். ஏடு பகைவர் கையில் சிக்கினால் அது சிறைப்பட்டது என எழுதுவர். பொருள் கொடுத்து மீட்டால் அது விடுதலை பெற்றது என எழுதுவர். மனிதர்க்குரிய சொற்களை அவர்கள் ஏடுகளுக்கும் வழங்கினர்.

மத்தெனதரானின் மிகப் பெரிய ஏடு மூஷ் நகர்த் திருவுரைத் தொகுப்பு. 1200 முதல் 1202 வரை எழுதப்பட்டது. எடை 28 கிலோகிராம். எழுதி முடித்தபின் அது கொள்ளை போக, ஊர் ஊராகப் பொருள் திரட்டி அதனை மீட்டனர். மூஷ் மடத்தில் எழுநூறு ஆண்டுகள் இருந்தது. 1915இல் மடம் அழிந்தபோது, தப்பியோடிய பெண்கள் இருவர் அதனைக் கண்டனர். ஒருவரால் சுமக்க இயலாத பாரம். இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாகச் சுமந்தனர். ஒரு பாதி எச்மியாட்சினை அடைந்தது. மற்றொரு பாதியைச் சுமந்தவர் வழியில் எர்சுரும் நகரில் ஒரு மட வளாகத்தில் அதனைப் புதைத்துவிட்டு உயிர் நீத்தார். பின்னர் ஒரு படையதிகாரி கண்டெடுத்து திபிலிசிக்குக் கொண்டு சேர்க்க, காலப்போக்கில் இரு பாதிகளும் ஒன்றாயின.

உயிருக்கு ஓடும்போது ஒருவர் எதை எடுத்துச் செல்வார்? குழந்தையை, உணவை, நகையை. அவ்விரு பெண்களும் ஏட்டையும் எடுத்தனர். அவர்கள் அதனைப் படிக்க வல்லவராயிருந்தனரா என்பதுகூட இங்குப் பெரிதன்று. அது தம்முடையது என அறிந்திருந்தனர். காட்சிப் பேழைக்குள் அந்தப் பெரிய ஏட்டையும், அதனோடு 19 கிராம் எடையே உள்ள ஒரு சிறு நாட்காட்டி ஏட்டையும் சிறார் காண்கின்றனர். பெரியதைச் சுமக்க இருவர் வேண்டும். சிறியதைக் குழந்தையும் சுமக்கும். மரபைச் சுமப்பதில் வயதுக்கேற்ற பங்கு எவர்க்கும் உண்டு என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் இல்லை.

பழைய ஏட்டின் முன் நிற்கும் குழந்தை எழுத்துகளை இனங்கண்டு கூட்டிப் படிக்கிறது. பொருளோ முழுதும் விளங்கவில்லை. அது 'கிராபார்' எனும் செவ்வியல் மொழி. இன்றைய பேச்சு அதிலிருந்து தொலைவு வந்துவிட்டது. சங்கப் பாடலின் முன் நிற்கும் தமிழ்க் குழந்தையின் நிலையும் இதுவே. கதவு தெரிகிறது, திறவுகோலைக் கற்றுத்தான் பெற வேண்டும். அந்த இடைவெளியைக் கண்டு குழந்தை வெட்குமானால் உலா தோற்றது. கற்க விழையுமானால் உலா வென்றது.

அரண்மனைக்காரத் தெரு

இக்கதையின் ஒரு கிளை சென்னைக்கும் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ், ஜூல்ஃபா மக்களைப் பெயர்த்துச் சென்று இஸ்பகான் நகரருகே குடியேற்றினான். அவ்விடம் புதிய ஜூல்ஃபா ஆயிற்று. அங்கிருந்து வணிகம் நாடி வந்தோர் சென்னையில் தங்கினர். ஆர்மேனியன் தெரு என்பது தமிழர் நாவில் அரண்மனைக்காரத் தெருவாயிற்று. அங்கே 1772இல் எழுந்த ஆர்மேனிய ஆலயம் இன்றும் உள்ளது. அதன் மணிகளுள் 1808இல் மீண்டும் வார்க்கப்பட்ட ஒன்றில் தமிழ் எழுத்துகளும் உண்டு. ஆர்மேனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 1726இல் அடையாற்றின் குறுக்கே பாலம் அமைத்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளைச் செப்பனிட்டார்.

சென்னையில் ஷாகாமிர் ஷாகாமிரியான் என்னும் வணிகர் அச்சுக்கூடம் நிறுவினார். 1773 என்னும் ஆண்டைத் தாங்கிய அவருடைய நூலொன்று, விடுதலை பெறவிருக்கும் ஆர்மேனியாவுக்கான அரசியல் சட்டத்தை வகுத்துரைக்கிறது. அப்போது ஆர்மேனிய அரசு எங்கும் இல்லை. இல்லாத நாட்டுக்கு, தேர்ந்தெடுக்கப்பெற்ற மன்றம் ஆள வேண்டும் எனச் சென்னையில் அமர்ந்து சட்டம் எழுதினர். உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' வெளிவந்ததும் சென்னையிலேயே. ஷிராஸ் நகரிலிருந்து வந்த அருட்தந்தை ஹாருத்யூன் ஷ்மவோனியான் 1794இல் அதனைத் தொடங்கினார். 1796 வரை 18 இதழ்கள் வந்தன. அவர் கல்லறை அந்த ஆலய வளாகத்தில் இருக்கிறது. தாய்நாட்டை இழந்தவர்கள் எழுத்தை இழக்கவில்லை. ஆதலால் தமிழ் மண்ணிலும் அவர்களுக்கு ஒரு நாடு இருந்தது.

சென்னைப் பள்ளிச் சிறாரும் ஒரு நாள் இத்தெருவுக்கு அழைத்துச் செல்லப்பட வேண்டும். அண்டை வீட்டாரின் மரபை மதிக்கக் கற்ற குழந்தை தன் மரபைப் பெருமிதத்தால் மட்டும் போற்றாது, அறிந்தும் போற்றும்.

உலாவின் பயன்

மாலையில் பேருந்து பள்ளிக்குத் திரும்புகிறது. பிள்ளைகள் களைத்திருப்பர். ஆண்டுகள் பல மறந்துபோகும், பெயர்கள் குழம்பும். அதனால் குறையில்லை. தன் பெயரின் முதலெழுத்து கல்லாய் நின்றது நினைவிருக்கும். கல்லறைக்கு இறங்கிய படிகளின் குளிர்ச்சி நினைவிருக்கும். இரு பெண்கள் ஓர் ஏட்டைப் பங்கிட்டுச் சுமந்த கதை நினைவிருக்கும். இம்மூன்றும் இருந்தால் மற்றவை பின்னர் வந்து சேரும்.

ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஆர்மேனிய உலா தரும் பாடம் எளியது. காட்டுவதைக் குறைத்துப் படிக்கச் செய்தலைக் கூட்டுக. கட்டியவரின் புகழைச் சொல்லும் நேரத்தில், காத்தவரின் பாட்டையும் சொல்லுக. வீழ்ந்ததை மறைக்காமல் காட்டுக. ஏன் வீழ்ந்தது என வினவ இடம் தருக. பின்னர் வகுப்பறைக்கு மீண்டு, கண்டதைத் தம் மொழியில் தம் கையால் எழுதச் செய்க. அந்த எழுத்தில் பிழையிருக்கலாம். ஆயினும் அன்று அக்குழந்தை எழுதும் ஒரு பக்கம், மரபுச் சின்னங்களின் வரிசையில் கடைசியாக வந்து சேரும் சின்னமாகும்.

பத்தாண்டுகள் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்த ஒரு வட்டத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மொழிக்குக் கோபுரமும் வேண்டும், கூடிப் பேச நான்கு பேரும் வேண்டும். கோபுரம் சாய்ந்தபின்னும் நால்வர் பேசினால் மொழி பிழைக்கும். நால்வர் கலைந்தபின் கோபுரம் மட்டும் நின்றால் ரூசாவின் கல்வெட்டு ஆகும். அந்த நால்வரின் நடுவே இனி ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பள்ளிக் குழந்தைக்கும் இடம் கிடைக்கட்டும். அடுத்த பத்தாண்டு நிறைவில் மேடையேறிக் கவிதை படிக்கப் போவது அக்குழந்தையே.

வட்டம் வளர்க.